முழு ஆள்

ஜூன் 9

அண்ணா,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருக்க வேண்டியதை ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே கொடுத்தாயிற்று.

விருந்தில் சாப்பிடாமல் கிளம்பிப் போனதற்கு அண்ணியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் இல்லை. உன் மகள் பட்டம் வாங்கியதற்கு வைத்த விருந்து அது. அவளைப் பற்றிப் பேசத்தான் மைக்கை வாங்கினாய். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, என்னிடம் வந்துவிட்டாய். "என் தங்கச்சி கிட்னி குடுக்கலைன்னா இன்னைக்கு நான் இல்லை" என்று ஆரம்பித்து, வழக்கம்போல அழுதாய். வழக்கம்போல எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் விருந்தில் அத்தை எதற்குச் சாமி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்? பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அண்ணி என் காதருகில் "ஏதோ ஓடப் போறியாமே?" என்று கேட்டாள். ஆமாம், அக்டோபரில் நடக்கிற அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன், இருபத்தொரு கிலோமீட்டர் என்றேன். அது உன் காதில் விழுந்தது. கையில் மைக் இருப்பதை மறந்து கத்தினாய்: "உனக்கென்ன பைத்தியமா? நீ இப்ப முழு ஆள் இல்லம்மா!"

ஹால் முழுக்கக் கேட்டது. மூலையில் இருந்த மாமா, "அரை ஆளுக்கு அரை மாரத்தான், கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடி எடுத்துக் கொடுத்தது நீ.

கேட்டுக்கொள். நான் உனக்குக் கொடுத்தது ஒரு கிட்னி. காலைக் கொடுக்கவில்லை. நுரையீரலைக் கொடுக்கவில்லை. புத்தியையும் கொடுக்கவில்லை; கொடுத்திருந்தால் உனக்குக் கொஞ்சம் உதவியிருக்கும். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நிற்கிறேன். ஈர விரிப்புகள் நிறைந்த வண்டியை நான்தான் தள்ளுகிறேன். அப்போதெல்லாம் யாரும் என்னை அரை ஆள் என்று சொல்லி அரைச் சம்பளம் கொடுத்ததில்லை, அரை வேலையும் கொடுத்ததில்லை.

ஓடத்தான் போகிறேன். முடித்துக் காட்டத்தான் போகிறேன். முடித்துவிட்டு அந்தப் பதக்கத்தை அந்த மாமாவின் வீட்டு வாசலில் கொண்டுபோய் ஆட்டிவிட்டு வருவேன்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய். அழுகிறவனோடு சண்டை போட முடியாது. தாளில் அழுதால் எனக்குத் தெரியாது. அதனால் சொல்ல இருந்தால் எழுது.

உன் தங்கை


ஜூன் 18

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை போன் செய்தேன், நீ சொன்னபடியே எடுக்கவில்லை. பேனா பிடித்து வெகுகாலமாகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

மைக்கை அணைக்காதது என் தப்பு. மாமாவிடம் மறுநாளே பேசிவிட்டேன். இனி அவர் உன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஆனால் நான் சொன்ன விஷயம் தப்பில்லை.

ஒரு சிறுநீரகத்தோடு நூறு வயது வரை வாழலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நானும் கேட்டேன். வாழலாம் என்றுதான் சொன்னார்கள். வெயிலில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடலாம் என்று யார் சொன்னது? இரண்டு இருக்கிறவன் ஓடட்டும். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று இருக்கிறது அவனுக்கு. உனக்கு உபரி கிடையாது. உன் உபரி என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் தரவும் வழியில்லை.

நான் லிப்ட் கம்பெனிக்காரன். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு லிப்டுக்கு ஒரே கயிறு போதும், எடையைத் தாங்கிவிடும். ஆனாலும் ஐந்தாறு கயிறு போடுகிறோம். ஏன்? ஒன்று போனால் மற்றது பிடிக்கட்டும் என்றுதான். ஒற்றைக் கயிற்றில் எந்த மடையனாவது ஆளை ஏற்றுவானா?

உனக்கு ஏதாவது ஒன்று ஆனால், அன்றைக்கு எனக்குள் இருக்கிற இது என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாயா? வேலை செய்யும். அதுதான் கொடுமை. நீ படுத்துவிடுவாய், உன்னுடையது எனக்குள் ஜம்மென்று வேலை செய்துகொண்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவேன்?

வேண்டாம்டி. நடைப் பயிற்சி போ. நீச்சல் போ. ஓடாதே.

தண்ணீர் குடி.

அண்ணன்


ஜூலை 14

அண்ணா,

ஒற்றைக் கயிற்றில் நீயும்தான் தொங்குகிறாய். அது என் கயிறு. அதன் தரம் எனக்குத் தெரியும்.

பயிற்சி எப்படிப் போகிறது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். முதல் வாரம் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினேன், அதற்கடுத்த கம்பம் வரை நடந்தேன். தெருநாய்கூட எழுந்து துரத்தவில்லை. இவளைத் துரத்தி என்ன பெருமை என்று படுத்திருந்தது. இப்போது நிற்காமல் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். நடுவில் முழங்கால் வீங்கி ஒரு வாரம் சும்மா இருந்தேன். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. சறுக்கட்டும். வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, விழுந்துவிடும் போலிருக்கிறது. அது வளர்ந்துவிடும், பதறாதே.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஆட்சேபணை இல்லை. விடியற்காலையில் நான் ஷூ மாட்டும்போது போர்வைக்குள்ளிருந்து "கதவைச் சாத்திட்டுப் போ" என்பார். ஆறு வருஷத்தில் என்னிடம் பாவப்படாமல் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

துணைக்குக் கறை அக்கா வருகிறாள். எங்கள் கூடத்தில் கறை எடுக்கிற மேஜையில் இருப்பவள். மை, ரத்தம், உதட்டுச்சாயம், எதுவானாலும் அவளிடம்தான் போகும். அவள் ஓட மாட்டாள். சைக்கிளில் தண்ணீர் பாட்டில்களை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே வருவாள். "ஓட்டம் எனக்கு வராது. ஓடறவளைத் திட்ட நல்லா வரும்" என்கிறாள். நன்றாகத்தான் வருகிறது. நேற்று நான் நின்றுவிட்டதற்கு, "என்ன, பஸ்சுக்கா காத்திருக்கே?" என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி எல்லாம் சொன்னாள். நீ குனிந்து ஷூ மாட்டுவதில்லையாம். முதல் மாடிக்குக்கூடப் படி ஏறுவதில்லையாம். பஸ்ஸில் யாரும் இடித்துவிடக் கூடாது என்று அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டே நிற்கிறாயாம். "நடங்க, நடங்க" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாராம், நீ தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்கிறாயாம். மகள் எங்கேயாவது போகலாம் என்றால் கூட்டம், தூசி, வேண்டாம் என்கிறாயாம்.

நான் உனக்கு என்ன கண்ணாடிப் பொம்மையா கொடுத்தேன், அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க? வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்தது, நீ மறுபடியும் மாடியிலும் மேட்டிலும் ஏறித் திரிவாய் என்று. பூட்டி வைப்பாய் என்று தெரிந்திருந்தால் நானே வைத்துக்கொண்டிருப்பேன்.

லிப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம் நாள் முழுக்க "பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க" என்று சொல்கிற வாய்தானே உனக்கு? அதை உனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்.

தங்கை


ஜூலை 25

வாலு,

உன் அண்ணியிடம் உளவு கேட்பதை நிறுத்து.

முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுவிடாதே. ஓடுகிறவர்கள் வலி மாத்திரையைப் பொட்டுக்கடலை மாதிரி வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று படித்தேன். அது கிட்னியைக் கெடுக்கும், நம் இரண்டு பேருக்கும் ஆகாது. ஐஸ் வை.

மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் எழுத முடியாது.

தண்ணீர் குடி.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அண்ணா,

அதென்ன, "இருந்தாலும் எழுத முடியாது"? பாதியில் நிறுத்துகிறவன் என் அண்ணன் இல்லை. போகட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். மறைத்தால் மறைக்கலாம், அண்ணிக்குக்கூடத் தெரியாது. ஆனால் மறைக்கிற அளவுக்கு நான் எந்தத் தப்பும் பண்ணவில்லை. அதனால் என் வாயாலேயே சொல்கிறேன்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு பதினாறு கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். முந்தின நாள் இஸ்திரி உருளை பக்கத்தில் ஆள் வரவில்லை, என்னை நிறுத்தினார்கள். அது இரண்டு ஆள் வேலை. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி விரிப்பின் முனையைப் பிடித்து உருளைக்குள் விடணும். ஆவி முகத்தில் அடிக்கும். வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் ஓட்டத்தில் பதினான்காவது கிலோமீட்டரில் கண் இருட்டியது. பெட்ரோல் பங்க் ஓரமாக உட்கார்ந்தேன். கறை அக்கா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓடத் தெரியாதவள் அன்றைக்கு ஓடினாள்.

பயந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? வயிற்றோரம் அந்தத் தழும்பு இருக்கிற இடத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணன் சொன்னது சரியாகிவிடுமோ" என்று நினைத்தேன். கண் இருட்டியதைவிட அந்த நினைப்புத்தான் எனக்குக் கோபம்.

மறுநாளே போய் ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. வெறும் தண்ணீர்ப் பஞ்சம் என்றார் டாக்டர். இரண்டு கிட்னி இருக்கிறவளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்குமாம். இனிமேல் வேலை நடுவிலும் பாட்டில் என் இடுப்பில் தொங்கும். போன ஞாயிறு அதே பதினாறு ஓடினேன். அதே பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது கறை அக்கா, "உட்காரணுமா, உன் நாற்காலி அங்கேதான் இருக்கு" என்றாள்.

எழுதிவிட்டேன். இதை வைத்துக்கொண்டு நீ ஆட்டம் போடாதே.

தங்கை


செப்டம்பர் 4

அண்ணா என்று கூப்பிட மனசு வரவில்லை.

நம்பித்தானே எழுதினேன்? ஒளிக்காமல் எழுதினேனே, அதற்குக் கூலியா இது?

இன்றைக்கு மத்தியானம் வேலையில் இருக்கும்போது ஓட்டம் நடத்துகிறவர்கள் போன் செய்தார்கள். "உங்க அண்ணன் பேசினார். நீங்க மயங்கி விழுந்தீங்களாம். ஒரே கிட்னியாம். சேர்த்துக்காதீங்கன்னு அழுதார்" என்றார்கள். போனில் அழுதாயா? அவர்களிடமுமா?

நான் மயங்கவில்லை, உட்கார்ந்தேன். ஒரே கிட்னி என்பதைப் பேர் கொடுக்கும்போதே நானே சொல்லி, டாக்டர் கடிதமும் கொடுத்துவிட்டேன். அவர்கள் சரி என்றார்கள். இப்போது நீ பற்ற வைத்ததில் அவர்களுடைய டாக்டர் பயந்துவிட்டார். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலிருந்தே புதுசாகக் கடிதம் வேண்டுமாம். அடுத்த வெள்ளிக்குள் வரவில்லையென்றால் என் பேரை எடுத்துவிடுவார்களாம். அந்த ஆஸ்பத்திரி உன் ஊரில் இருக்கிறது. நான் லீவு போட்டு, பஸ் ஏறி வர வேண்டும்.

வருவேன். ஆனால் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். நீயும்தான் படி ஏறுவதில்லையே, உனக்குப் புரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் என்னைத் தடுத்தார்கள். வீட்டுக்காரர், அவருடைய அம்மா, வேலையிடத்தில் அத்தனை பேரும். "உன் உடம்பு, நீ யோசி" என்றார்கள். என் உடம்பு, நான் யோசித்தேன், கொடுத்தேன். அன்றைக்கு என் முடிவு உனக்குத் தித்தித்தது. இன்றைக்கு அதே உடம்பு, அதே நான். கசக்கிறதோ?


செப்டம்பர் 10

வாலு,

போன் செய்தது நான்தான். செய்தது ஈனத்தனம். நீ நம்பி எழுதியதை எடுத்து உனக்கு எதிராகவே காட்டினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் இன்றைக்கு வேறொன்றும் எழுதப் போகிறேன். ஜூலையில் எழுத முடியாது என்றேனே, அது. படித்துவிட்டு நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

தித்தித்தது என்றாய். தித்திக்கவில்லை. நான் உன்னிடம் கேட்கவே இல்லை. அது உனக்கு நினைவிருக்கிறதா? நீயாகப் போய் ரத்தம் கொடுத்தாய், பொருந்துகிறது என்று நீயாக வந்து நின்றாய். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. சாகப் பயந்தவன் என்ன சொல்வான்? வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து எனக்குப் பேர் போயிற்று. எங்கே போனாலும் நான் தங்கச்சி கிட்னி வாங்கினவன். நீ தெய்வம். தெய்வத்தோடு யாராவது சண்டை போட முடியுமா? சின்ன வயதில் நாம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்! ஜன்னலோர இடத்துக்கு நீ என் கையைக் கடித்தாய், நான் உன் பின்னலை நாற்காலியில் கட்டினேன். இந்த ஆறு வருஷத்தில் நீ என்ன சொன்னாலும் நான் "சரிம்மா" என்றேன். நீ வாங்கிக் கொடுத்த அந்தப் பச்சைச் சட்டை எனக்குப் பிடிக்கவே இல்லை. நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் காப்பி தண்ணீராக இருக்கும், "பிரமாதம்" என்று குடிப்பேன். அம்மாவின் வீட்டை விற்க வேண்டாம் என்று எனக்கு இருந்தது. நீ விற்கலாம் என்றாய், வாயை மூடிக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்து அழுகிறேன் என்கிறாய். வேறென்ன செய்ய? எவ்வளவு அழுதாலும் இது தீரவில்லை. எனக்கு நன்றி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உன்மேல் கோபம் வருகிறது. உயிர் கொடுத்தவள்மேல் கோபப்படுகிறவன் மனுஷனா?

போ. ஓடு. என்னவோ செய். என்னைக் கேட்காதே. நீ எப்போது என்னைக் கேட்டாய்?

அண்ணன்


செப்டம்பர் 19

டேய் அண்ணா!

வாடா வழிக்கு! உன் கடிதத்தைச் சலவைக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். கறை அக்கா "யாராவது செத்துட்டாங்களா, அழறே?" என்றாள். "இல்லக்கா, எங்க அண்ணன் பிழைச்சுட்டான்" என்றேன்.

பச்சைச் சட்டையைக் கிழித்துத் தரை துடை. என் காப்பியைக் குடிக்காதே, வேண்டுமென்றால் நீ போட்டுக் கொடு. வீடு விஷயத்தில் நீ அன்றைக்கே வாய் திறந்திருக்க வேண்டும். இப்போது சொல்லி என்ன பிரயோசனம், மடையா? நானும் ஒன்று சொல்கிறேன். எனக்கும் தெய்வமாக உட்கார்ந்து முதுகு வலிக்கிறது. வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் போதும், எல்லாரும் என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். "நீ உட்காரும்மா." நான் ஏன் ஓடுகிறேன் என்று நினைத்தாய்? எழுந்திருக்கத்தான்.

நீ கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீ கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அண்ணன் வேண்டும் என்று நான் எடுத்த முடிவு அது. உனக்காக இல்லை, எனக்காக. போதுமா? இனி நன்றி சொன்னால் பல்லைத் தட்டுவேன்.

கடிதம் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான், முடி கொட்டிவிட்டது. பரிசோதனையெல்லாம் பார்த்துவிட்டு, "தாராளமா ஓடுங்க. தண்ணி குடிங்க, வலி மாத்திரை போடாதீங்க, முடியலைன்னா நின்னுடுங்க" என்றார். "அவ்வளவுதானா?" என்றேன். "வேறென்ன?" என்றார். என் பேர் மறுபடியும் ஏறிவிட்டது. அக்டோபர் 19.

மூன்றே கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த வேகத்தில் கடைசியாக ஒரு பஸ் பின்னாலேயே வரும். அது யாரைத் தாண்டுகிறதோ அவரை ஏற்றிக்கொள்ளும். ஏறினால் கதை முடிந்தது. என் நேரத்துக்கும் அந்தப் பஸ்சுக்கும் ஒரு முடி இடைவெளிதான். அதில் மட்டும் ஏற மாட்டேன், உயிர் போனாலும். சரி சரி, உயிர் போகாது.

தைரியம் இருந்தால் வந்து பார்.

வாலு


அக்டோபர் 2

வாலு,

சட்டையைக் கிழித்தாயிற்று. தரை நன்றாகத் துடைக்கிறது.

நேற்று ஒன்று நடந்தது. எங்கள் ஆபீஸ் கட்டிடத்து லிப்டே நின்றுவிட்டது, ஐந்தாவது மாடிக்குக் கீழே. ஊர் லிப்டையெல்லாம் பார்க்கிற கம்பெனியின் லிப்ட்! உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். மெக்கானிக்குகள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். மணி என் மேஜையில்தான் அடித்தது. "பதறாதீங்கம்மா, ஆள் வந்துட்டிருக்காங்க" என்றேன். அவள், "எந்த ஆள்? எப்ப?" என்று கேட்டாள். நான் சுற்றிப் பார்த்தேன். ஆள் என்று சொன்னால் நான்தான் இருந்தேன்.

ஏறினேன். மொட்டைமாடிக்குப் பக்கத்தில் இருக்கிற மெஷின் அறை வரைக்கும் படியேறினேன். மூன்றாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு இருந்தது. மேஜைக்கு வருவதற்கு முன்னால் பார்த்த மெக்கானிக் வேலை கை மறக்கவில்லை; பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்தேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும். இறங்கி வந்தபோது அந்தப் பெண் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "ஆள் நீங்கதானா சார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

ராத்திரி உன் அண்ணியிடம் சொன்னேன். நம்பவில்லை. எதிரே இருந்த மாடிப்படியில் ஏறிக் காட்டினேன்.

ஓட்டத்துக்கு நான் வரவில்லை. அவ்வளவு கூட்டத்தில் நின்று கைதட்ட என்னால் ஆகாது. சளி ஜுரம் ஒட்டிக்கொண்டால் எனக்கு ஆபத்து, அது உனக்கே தெரியும். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி.

தண்ணீர் குடி.

அண்ணன்


அக்டோபர் 21

அண்ணா,

ரயில் கிளம்புகிற வரை நீ பேசியது "தண்ணி குடிச்சியா" என்ற இரண்டு வார்த்தை. நான் பேசியது "மாத்திரை போட்டியா" என்ற இரண்டு வார்த்தை. இவ்வளவு நடந்தும் நேரில் நமக்கு வாய் வருவதில்லை. எழுதுகிறேன்.

பதினேழு வரை நன்றாகத்தான் ஓடினேன். பாலத்து ஏற்றத்தில் தொடை பிடித்துக்கொண்டது. கறை அக்கா அங்கே சைக்கிளில் வரக் கூடாதாம், திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. பக்கத்தில் ஓடின ஒரு பையன் வலி மாத்திரை நீட்டினான். "எனக்கு ஆகாதுப்பா" என்றேன். நடந்தேன், ஓடினேன், நடந்தேன். பத்தொன்பது தாண்டியதும் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தப் பஸ். நான் பார்க்கவில்லை, பார்த்தால் கால் மடங்கிவிடும். சத்தம் பக்கத்தில் வந்தது. கதவில் நின்றவர், "ஏறிக்கோங்கம்மா, போதும், நல்லா ஓடினீங்க" என்றார். "ஏற மாட்டேன்" என்றேன்.

அப்போதுதான் ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். முகத்தில் மாஸ்க், மடியில் தண்ணீர் பாட்டில்கள். அட பாவி! கூட்டத்துக்கு வர மாட்டேன் என்றாயே, பஸ் கூட்டமில்லை என்று கணக்குப் பண்ணினாயா? முன்பு நீ போனில் யாரிடம் அழுதாயோ அதே ஆளிடம் மறுபடி போன் செய்து, மன்னிப்புக் கேட்டு, பஸ்சில் தண்ணீர் கொடுக்கிற வேலை கேட்டு வாங்கினாயாம். அப்புறம் அண்ணி சொன்னாள். நான் விழுந்தால் பிடித்துக்கொள்ளத்தானே? உன்னைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் தொடை வலி போன இடம் தெரியவில்லை. "வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்!" என்று கத்தினேன்.

நீ மாஸ்க்கை இறக்கினாய். ஏறு என்று சொல்லப் போகிறாய், அழப் போகிறாய் என்று நினைத்தேன்.

"ஏறாதேடி! ஓடு!" என்றாய்.

அதோடு விட்டாயா? பஸ்சிலிருந்து இறங்கிவிட்டாய். "சார், இறங்கினா திரும்ப ஏத்த மாட்டோம்" என்று அவர் கத்துகிறார். ஆபீஸ் ஷூவோடு ரோட்டில் நின்று ஓடவும் தெரியாமல் நடக்கவும் தெரியாமல் வந்தாய். நான் திரும்பிப் பார்த்தேன். கால் தானாக நின்றுவிட்டது. உனக்காக நின்று பழகின கால். அப்போது கத்தினாயே, அதைச் சாகிற வரை மறக்க மாட்டேன்: "நிக்கறே பாரு! இன்னும் என்னத்தைக் குடுக்கப் போறே? போடி!"

போனேன். உன்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனேன். நெஞ்சு வெடிக்கப் போகிறது என்று தோன்றியது, அப்போதும் போனேன். உன்னைத் தாண்டி எனக்காக நான் ஒன்று செய்தது அதுதான் முதல் தடவை, சந்தோஷமாக இருந்தது, வெட்கமே இல்லாமல் சொல்கிறேன். முடிவுக்கோட்டில் கட்டியிருந்த வளைவுக்குக் கீழே போனபோது கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேலேயே மிச்சம் இருந்தது. பதக்கத்தை மாட்டினார்கள். கறை அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டு, "உப்பு. சுலபமா போயிடும்" என்றாள்.

அப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் கலைந்துவிட்டார்கள். வளைவைப் பிரிக்க ஏணி கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது தெருமுனையில் நீ வந்தாய். சட்டை நனைந்து, முகம் சிவந்து, ஊரே சிரிக்கிற மாதிரி ஒரு ஓட்டம். ஆனால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தாய். வயிற்றின் மேல் கை இல்லை. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கை அங்கே இல்லாமல் பார்த்தேன்.

நான் ஏணிக்காரரிடம் "ஒரு நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, உன்னிடம் ஓடி வந்து, உன்னோடு சேர்ந்து மறுபடியும் அந்த வளைவுக்குக் கீழே போனேனே, நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய், அதனால் கறை அக்கா கேட்டது உன் காதில் விழுந்திருக்காது. "ஏண்டி, அதான் முடிச்சுட்டியே, மறுபடி எதுக்கு?" என்றாள்.

நான் சொன்னேன்: "முதல் தடவை ஒண்ணுதான் வந்துச்சுக்கா. இன்னொண்ணு பின்னால வந்துட்டிருந்துச்சு."

தண்ணீர் குடி.

வாலு